கெல்டிக் தொன்மங்களும் இன்றைய கலைஞர்களும்

கெல்டிக் தொன்மங்கள் என்று இன்று சொல்லப்படுபவை பெரும்பாலும் அயர்லாந்திலும் வேல்ஸிலும் இடைக்காலத்தில் ஏட்டில் ஏறிய கதைகள். அவற்றை எழுதிவைத்தவர்கள் அக்கதைகளில் வரும் தெய்வங்களை வழிபட்டவர்கள் அல்லர். கிறிஸ்தவ மடங்களின் துறவிகளும் அவர்களிடம் எழுத்துப் பயின்றவர்களுமே எழுதினார்கள். ஐரிஷ் கதைகளைக் கொண்ட சுவடிகளில் மிகப் பழையதான 'பழுப்புப் பசுவின் நூல்' கி.பி. 1100-ஐ ஒட்டியது. வேல்ஸின் கதைகள் உள்ள வெள்ளைப் புத்தகமும் சிவப்புப் புத்தகமும் அதற்கும் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் பிந்தியவை. ஐரிஷ், வெல்ஷ் முதலிய மொழிகளை ஒரே குடும்பமாகக் கண்டு 'கெல்டிக்' என்ற பெயரை அவற்றோடு பிணைத்த எட்வர்ட் லூயிடின் நூல் வெளிவந்தது 1707-இல். கதைகளைச் சொன்னவர்களுக்குத் தாங்கள் கெல்டிக் மக்கள் என்பது தெரியாது.

இக்கதைகளை வரைய முற்படும் ஓவியருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. கதைகளுக்குப் பழைய படங்கள் இல்லை; பழைய படங்களுக்குக் கதைகள் இல்லை. முடிச்சுகளும் சுருள்களும் பின்னிய விலங்குகளும் கொண்ட 'கெல்ஸ் நூல்' இன்று கெல்டிக் கலையின் முகமாகவே ஆகிவிட்டது. ஆனால் அது கி.பி. 800-ஐ ஒட்டி எழுதப்பட்ட நற்செய்தி நூல். அதில் கூ ஹுலினும் இல்லை, அரசி மேவும் இல்லை. வீரனின் மேலாடையில் முடிச்சுக்கோலம் போட்டு 'கெல்டிக்' என்று விற்கும் ஒவ்வொரு படமும் தொடர்பில்லாத இரண்டைத் தைத்து ஒட்டியது. தைப்பது குற்றமல்ல. தையல் தெரியாமல் மறைக்கிறாரா, கதையில் ஓட்டை இருப்பதை ஒத்துக்கொள்கிறாரா என்பதில்தான் இந்தக் கலைஞர்கள் வேறுபடுகிறார்கள்.

மையும் நிழலும்

'டாய்ன் போ கூலின்யே' ஐரிஷ் கதைகளில் மிகப் பெரியது. அது ஓர் ஆநிரை கவர்தலின் கதை. கொனாக்ட் நாட்டு அரசி மேவும் அவள் கணவன் ஆலிலும் படுக்கையில் கிடந்து யாரிடம் செல்வம் அதிகம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். எல்லாம் சமமாக இருக்கிறது. ஆலிலிடம் உள்ள வெண்கொம்புக் காளை ஒன்றைத் தவிர. அதற்கு நிகரான காளை அல்ஸ்டரில் உள்ள கூலி என்னும் இடத்தில் மட்டுமே உண்டு. மேவ் படையெடுக்கிறாள். அல்ஸ்டரின் வீரர்கள் பழைய சாபம் ஒன்றால் பிரசவ வேதனை போன்ற வலியில் கிடக்க, பதினேழு வயதுக் கூ ஹுலின் தனியாக நின்று எல்லையைக் காக்கிறான். தன்னோடு ஒன்றாக வளர்ந்து போர்க்கலை கற்ற ஃபெர்டியாவை ஆற்றுத்துறையில் கொல்ல நேர்கிறது. கடைசியில் இரண்டு காளைகளும் மோதிச் சாகின்றன. இவ்வளவு உயிர்ச்சேதத்துக்குப் பின் எவருக்கும் எதுவும் மிஞ்சவில்லை.

கவிஞர் தாமஸ் கின்செல்லா இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். டப்ளினின் டோல்மன் அச்சகம் 1969-இல் அதை வெளியிட்டது. முந்தைய மொழிபெயர்ப்பாளர்கள், குறிப்பாக லேடி கிரெகரி, கதையின் பாலியலையும் கொச்சையையும் மறைத்து அதைக் கண்ணியமான வீரகாவியமாக்கி இருந்தார்கள். கின்செல்லா அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார். அந்நூலுக்குப் படம் வரைந்தவர் லூயி லெ ப்ராக்கி (1916–2012).

லெ ப்ராக்கி செய்தது தூரிகையும் கறுப்பு மையும் மட்டும் கொண்டு நூற்றுக்கும் மேற்பட்ட சித்திரங்கள். படை என்றால் வெண்தாளில் சிதறிய கரும்புள்ளிகளின் கூட்டம். அருகே சென்று பார்த்தால் சில புள்ளிகளுக்குக் கால் இருக்கிறது, சிலவற்றுக்கு ஈட்டி இருக்கிறது, மற்றவை வெறும் மைக்கறை. காளை ஒரே கொப்பளிப்பில் உருண்டு நிற்கும் கறுப்பு. முகங்கள் கிடையாது. முடிச்சுக்கோலம் கிடையாது. பல நூறு ஆண்டுகள் ஒரு மக்களின் நினைவில் தங்கிய கதைக்குத் தனியொருவரின் கற்பனை முகம் கொடுக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். உரை தாள்மேல் வீசும் நிழலாகவே தன் படங்களை அவர் கருதினார்.

இதை அடக்கம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. டாய்ன் கதையைச் சுற்றி ஒரு முன்கதை உண்டு. ஒரு காலத்தில் அயர்லாந்தின் கவிஞர் எவருக்குமே இக்கதை முழுதாக நினைவில்லாமல் போயிற்று. கதை எழுதிய சுவடியைக் கீழைத்தேசத்து அறிவுநூல் ஒன்றுக்கு ஈடாக யாரோ கொடுத்துவிட்டார்கள். தேடிப் புறப்பட்ட இளைஞன் ஒருவன் கதையில் வரும் ஃபெர்கஸின் கல்லறையருகே தனியே அமர்ந்து பாட, மூடுபனி சூழ்ந்து, இறந்த ஃபெர்கஸே எழுந்துவந்து முழுக் கதையையும் சொல்கிறான். தான் ஒருமுறை தொலைந்தது என்பதைத் தானே சொல்லிக்கொள்ளும் கதை இது. அதற்கு மூடுபனிக்குள் தெரியும் உருவங்களைப் போன்ற படங்களே பொருந்தும். கின்செல்லா நூலைத் திறப்பவர் முதலில் உணர்வது இந்தப் பொருத்தத்தைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், இதே மொழிபெயர்ப்பிலிருந்துதான் இதற்கு நேர் எதிரான ஒரு கலையும் கிளம்பியது. போர்வெறி ஏறும்போது கூ ஹுலினின் உடல் தோலுக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும், ஒரு கண் மண்டைக்குள் போக மறு கண் கன்னத்தில் தொங்கும் என்று மூலம் சொல்கிறது. இதற்குக் கின்செல்லா உருவாக்கிய ஆங்கிலச் சொல்லைப் பிரிட்டிஷ் காமிக்ஸ் எழுத்தாளர் பாட் மில்ஸ் எடுத்துக்கொண்டார். 1983-இல் '2000 ஏடி' இதழில் அவரும் ஓவியர் ஆஞ்சலா கின்கெய்டும் தொடங்கிய 'ஸ்லேன்' தொடரின் நாயகனுக்கு இந்த முறுக்கம்தான் அடையாளம். பின்னர் சைமன் பிஸ்லி வண்ணத்தில் தீட்டிய 'கொம்புள்ள தெய்வம்' பகுதியில் அது தசைகளின் திருவிழாவாகிவிட்டது. மூலத்தில் அந்த முறுக்கம் அருவருப்பும் அச்சமும் கலந்தது, கொஞ்சம் நகைப்புக்கும் உரியது. அதைக் காண்பவர் அவனை விட்டு விலகி ஓடுவார்கள். பிஸ்லியின் பக்கங்களில் வாசகர் அவனாக ஆக விரும்புகிறார். ஓவியத் திறமையில் குறையில்லை. ஆனால் கதையின் நரம்பு அங்கே அறுந்துவிடுகிறது.

வெள்ளிக்கை

ஜிம் ஃபிட்ஸ்பாட்ரிக்கை அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியாது. 1968-இல் சே குவேராவின் புகைப்படத்தைக் கறுப்பு-சிவப்புச் சுவரொட்டியாக மாற்றி உலகெங்கும் பரப்பிய டப்ளின் ஓவியர் இவர்தான். 1978-இல் 'படையெடுப்புகளின் நூல்', 1981-இல் 'வெள்ளிக்கை' என்று இரண்டு பெரிய படநூல்களை வெளியிட்டார். டூஹா டே டனன் என்னும் தெய்வக்குலம் அயர்லாந்துக்கு வந்ததும், அவர்களின் அரசன் நுவாடா போரில் கையை இழந்ததும், உடற்குறை உள்ளவன் அரசாளக் கூடாது என்பதால் பதவி இழந்ததும், மருத்துவன் அவனுக்கு வெள்ளியில் கை செய்து பொருத்தியதும் அவற்றில் வருகின்றன.

லெ ப்ராக்கி விட்ட வெற்றிடங்களை எல்லாம் ஃபிட்ஸ்பாட்ரிக் நிரப்புகிறார். தலைமுடி இழை இழையாக, கவசம் கண்ணி கண்ணியாக, சட்டத்தைச் சுற்றிக் கெல்ஸ் நூலின் பின்னல். நாயகர்கள் எழுபதுகளின் ராக் இசைக்குழுவில் கிதார் வாசிப்பவர்களைப் போல இருக்கிறார்கள். தற்செயல் அல்ல, தின் லிசி குழுவின் இசைத்தட்டு உறைகளை வரைந்தவரும் அவரே. அந்தக் குழுவின் பாடகர் ஃபில் லினட்டின் தந்தை கயானாவைச் சேர்ந்தவர், தாய் டப்ளின்காரர். ஐம்பதுகளின் டப்ளினில் கறுப்புத்தோலுடன் வளர்ந்த அவர் 1979-இல் வந்த 'பிளாக் ரோஸ்' தொகுப்பின் தலைப்புப் பாடலில் கூ ஹுலினின் கதையைத் தன் முன்னோர் கதையாகக் கேட்டுப் பாடினார். அதற்கும் உறை ஃபிட்ஸ்பாட்ரிக்குடையது. ஆறு ஆண்டுகள் முன்னதாகவே, 1973-இல், ஹார்ஸ்லிப்ஸ் குழு டாய்ன் கதையை முழு ராக் தொகுப்பாகச் செய்திருந்தது. பள்ளிக்கூடத்தில் கட்டாயப் பாடமாகவும் தேசபக்திப் பிரசங்கமாகவும் சலித்துப்போயிருந்த கதைகளை ஒரு தலைமுறை இளைஞர்கள் தங்களுடையதாக எடுத்துக்கொண்டது இப்படித்தான். ஃபிட்ஸ்பாட்ரிக்கின் படங்களில் மௌனம் இல்லை. எனினும் அக்காலத்தின் டப்ளினுக்கு மௌனம் தேவைப்படவும் இல்லை.

நிரப்புவதில் உள்ள ஆபத்து வேறிடத்தில் தெரிகிறது. ஆலிவர் ஷெப்பர்ட் 1911-ஐ ஒட்டிச் செய்த வெண்கலச் சிற்பத்தில், விழாமல் இருக்கத் தன்னைக் கல்தூணில் கட்டிக்கொண்டு கூ ஹுலின் சாகிறான்; தோளில் காகம் அமர்ந்திருக்கிறது. 1916 எழுச்சியின் நினைவாக 1935-இல் அச்சிற்பம் டப்ளின் பொது அஞ்சலகத்தில் வைக்கப்பட்டது. குடியரசுவாதிகளின் தியாகச் சின்னம் அது. பிற்காலத்தில் கிழக்கு பெல்ஃபாஸ்டில் பிரிட்டனுடன் இணைந்திருக்க விரும்பிய தரப்பினரின் சுவரோவியங்களில் அதே சிற்பத்தின் உருவம் தோன்றியது, அயர்லாந்தின் பிற பகுதிகளிடமிருந்து அல்ஸ்டரைக் காத்தவன் என்ற பெயரில். ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த இரு தரப்பும் ஒரே உருவத்தைத் தூக்கிப் பிடித்தன. கதையில் அவன் சொந்தத் தோழனைக் கொன்றுவிட்டு அழுகிறான் என்பது இரண்டு சுவர்களிலும் இல்லை. சாமுவேல் பெக்கெட்டின் 'மர்ஃபி' நாவலில் ஒரு பாத்திரம் இந்தச் சிலையின் பிட்டத்தில் தலையை முட்டிக்கொள்ளப் போகிறது. இச்சிலையைப் பற்றிய சிறந்த விமர்சனம் இன்றுவரை அதுதான் எனலாம்.

பூவும் ஆந்தையும்

வேல்ஸின் கதைகள் 'மாபினோகியன்' என்ற பெயரில் உலகுக்குத் தெரியவந்தது சார்லட் கெஸ்டின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மொழிபெயர்ப்பால். அதன் ஓவியர்களில் இன்று அதிகம் அறியப்பட்டவர் ஆலன் லீ. அவர் படங்களுடன் 1982-இல் வந்த பதிப்பில் ஈரம் படிந்த கல், பாசி, வேர், சாம்பல்நிற வானம் எல்லாம் நீர்வண்ணத்தில் மெல்லக் கரைந்து நிற்கின்றன. மனிதர்கள் நிலத்திலிருந்து முளைத்ததுபோல் இருக்கிறார்கள். குறை சொல்ல முடியாத படங்கள். பிற்பாடு அவர் 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' திரைப்படங்களுக்கு வடிவமைப்பு செய்து ஆஸ்கர் வாங்கினார். அதன்பின் அந்தப் பாசியும் மூடுபனியும் எல்லா மாயக்கதைகளுக்கும் பொதுச்சொத்தாகிவிட்டன. இன்று அப்பதிப்பைப் புதிதாகத் திறக்கும் வாசகர் எங்கோ பார்த்தது போலிருக்கிறதே என்று நினைப்பார். நகல்கள் மூலத்தைப் பழசாக்கிவிட்டன.

பழசாகாமல் நிற்பது ஆலன் கார்னரின் நாவல் 'ஆந்தைப் பாத்திரங்கள்' (1967). மாபினோகியனின் நான்காம் கிளையில் வரும் கதை அதன் அடித்தளம். மனிதப் பெண்ணை மணக்க முடியாதபடி சபிக்கப்பட்ட ஹ்லெய் என்பவனுக்காக, இரண்டு மந்திரவாதிகள் பூக்களிலிருந்து ஒரு பெண்ணைச் செய்கிறார்கள். அவள் பெயர் ப்ளொடைவெத். அவள் க்ரோனு என்னும் வேறொருவனைக் காதலித்து, கணவனைக் கொல்லத் துணிகிறாள். தண்டனையாக அவளை ஆந்தையாக்கிவிடுகிறார்கள். தன்னைச் செய்யும்படி அவள் கேட்கவில்லை என்பதை மூலக்கதை ஓரிடத்திலும் சொல்வதில்லை. வெல்ஷ் மொழியில் சாண்டர்ஸ் லூயிஸ் எழுதிய 'ப்ளொடைவெத்' நாடகம் (1948) அவளுக்குக் குரல் கொடுத்தது. கார்னர் வேறு வழியில் போனார்.

அவர் நாவலில் மந்திரவாதி இல்லை, அரண்மனை இல்லை. வேல்ஸின் ஒரு பள்ளத்தாக்கில் கோடை விடுமுறைக்கு வந்த ஆங்கிலக் குடும்பம். தாய்வழி மகள் அலிசன், தந்தைவழி மகன் ரோஜர், வீட்டு வேலைக்காரியின் மகன் க்வின். மேல்தட்டிலிருந்து பூவேலை செய்த உணவுத்தட்டுகள் கிடைக்கின்றன. கோலத்தை வேறு விதமாகப் பார்த்தால் அது ஆந்தை. இப்படிப்பட்ட தட்டு உண்மையிலேயே இருந்தது. அதைப் பார்த்ததிலிருந்தே நாவல் பிறந்தது. அலிசன் கோலத்தைத் தாளில் நகலெடுத்து மடித்து ஆந்தை செய்கிறாள், தட்டில் கோலம் மறைந்துபோகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் ப்ளொடைவெத் தலைமுறைதோறும் மூவரைப் பிடித்துக்கொண்டு பழைய கதையை மறுபடி நடத்துகிறாள். அவளைப் பூவாகப் பார்க்காமல் ஆந்தையாகவே பார்ப்பதுதான் அவர்கள் ஒவ்வொரு முறையும் செய்யும் பிழை.

இதை மீண்டும் நிகழும் தொன்மம் என்று மட்டும் வாசித்தால் நாவலின் பாதி தவறிப்போகும். க்வின் படிப்பில் கெட்டிக்காரன். அவன் தாய் நான்சி வெல்ஷ் பேசினால் அடிக்க வருவாள். பள்ளியை விட்டு நிறுத்திக் கடையில் வேலைக்குச் சேர்த்துவிடுவேன் என்று மிரட்டுவாள். அவனோ திருத்தமான ஆங்கில உச்சரிப்பு கற்க ரகசியமாக இசைத்தட்டுகள் வாங்கி வைத்திருக்கிறான், அவற்றைப் போட்டுக் கேட்க ஒரு கருவி கூட இல்லாமல். அந்த ரகசியத்தை அலிசன் ரோஜரிடம் சொல்லிவிட, ரோஜர் அதைக் கேலிக்கு எடுத்துக்கொள்கிறான். 1847-இல் பிரிட்டிஷ் அரசின் கல்வி அறிக்கை ஒன்று வெல்ஷ் மொழியை மக்களின் முன்னேற்றத்துக்குத் தடை என்று எழுதியது. நூறாண்டுகளுக்குப் பிறகும் அந்த வாக்கியம் ஒரு தாயின் கையாக ஓங்கி நிற்பதை அறிக்கையின் பெயரே சொல்லாமல் கார்னர் காட்டுகிறார். இந்நாவலுக்காக அவர் வெல்ஷ் கற்றார். பயன்படுத்துவதற்காக அல்ல, அலங்காரத்துக்கு அங்கங்கே தூவாமல் இருப்பதற்காக.

முடிவு பல வாசகர்களைத் தொந்தரவு செய்வது. ஆவேசம் பிடித்துக் கிடக்கும் அலிசனைக் காப்பாற்ற வேண்டியவன் க்வின். பள்ளத்தாக்கின் வாரிசு அவனே, கதையின் உட்பொருள் அறிந்தவனும் அவனே. ஆனால் பட்ட அவமானம் அவனை விடவில்லை. கசப்பில் இறுகிப்போய் நிற்கிறான். கேலி செய்த ரோஜர்தான் அவள் ஆந்தை அல்ல, பூ என்று திரும்பத் திரும்பச் சொல்லி விடுவிக்கிறான். வெல்ஷ் பையனுக்கு இழைத்த அநீதி இது என்று வாசிக்க இடமுண்டு. ஆனால் கார்னர் இங்கே மன்னிப்பின் விலையை நேர்மையாகக் கணக்கிட்டிருக்கிறார். இழக்க எதுவும் இல்லாதவனுக்கு மன்னிப்பது எளிது. க்வினுக்கு எளிதல்ல. தொன்மத்தை இவ்வளவு கூர்மையாக இன்றைய வர்க்கத்துக்குள்ளும் மொழிக்குள்ளும் இறக்கிய வேறொரு படைப்பைக் கெல்டிக் மரபிலிருந்து எழுந்தவற்றில் காண்பது அரிது.

வாய்வழி

சுவடிக் கதைகளுக்கு வெளியே இன்னொரு பெருங்களஞ்சியம் உண்டு. 1935-இல் அமைக்கப்பட்ட ஐரிஷ் நாட்டாரியல் ஆணையம் 1937 முதல் 1939 வரை தொடக்கப்பள்ளி மாணவர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கதை கேட்டு எழுதிவரச் செய்தது. சுமார் 50,000 குழந்தைகள் எழுதினார்கள். உலகின் பெரிய நாட்டாரியல் தொகுப்புகளில் ஒன்று அப்படி உருவானது. இங்கே தெய்வக்குலம் 'நல்லவர்கள்', 'மற்ற கூட்டத்தார்' என்று சுருங்கி, முள்மரத்தடியிலும் மண்கோட்டையிலும் குடியிருக்கிறது.

இந்த மரபில் கதை சேகரித்தும் சொல்லியும் வந்தவர் எட்டி லெனிஹான். 1999-இல் கிளேர் மாவட்டத்தில் லாட்டூன் என்னுமிடத்தில் புதிய சாலைக்காக ஒற்றை வெண்முள்மரம் ஒன்று வெட்டப்பட இருந்தது. அது மற்ற கூட்டத்தார் சண்டைக்குப் போகும் வழியில் கூடுமிடம் என்றும், வெட்டினால் சாலையில் உயிர் போகும் என்றும் லெனிஹான் பத்திரிகைகளுக்கு எழுதினார். உலகப் பத்திரிகைகள் சிரித்தபடி செய்தி போட்டன. மரம் தப்பியது. பின்னர் யாரோ அதன் கிளைகளை வெட்டிச் சிதைத்தார்கள். மரம் மறுபடி துளிர்த்தது. லெனிஹானின் கதைகள் அச்சில் கொஞ்சம் வெளுத்துத்தான் தெரிகின்றன, குரலுக்காக ஆனவை அவை. ஆனால் ஒரு கதை குறிப்பிட்ட ஒரு மரத்தோடு கட்டுண்டிருப்பது என்றால் என்ன என்பதை அவர் ஒரு நெடுஞ்சாலைத் திட்டத்துக்கே புரியவைத்தார்.

கில்கென்னியிலிருந்து

1999-இல் கில்கென்னி நகரில் டாம் மூர், நோரா ட்வோமி, பால் யங் ஆகியோர் தொடங்கிய 'கார்ட்டூன் சலூன்' இன்று இக்கதைகளை உலகெங்கும் உள்ள குழந்தைகளிடம் கொண்டு சேர்க்கும் நிறுவனம். 'கெல்ஸ் ரகசியம்' (2009), 'கடலின் பாடல்' (2014), 'ஓநாய் நடப்பவர்கள்' (2020) என்று மூன்று திரைப்படங்கள். மூன்றும் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவை.

முதல் படம் தையலை மறைக்காத படம். கெல்ஸ் நூலின் தட்டையான பரப்பையே திரையின் இலக்கணமாக்கிக்கொண்டது. முன்னும் பின்னும் என்ற ஆழம் இல்லை, எல்லாம் ஒரே தாளில் படிந்து கிடக்கின்றன. அந்தத் தாளுக்குள் மடத்துச் சிறுவனும் காட்டுத் தேவதை ஆஷ்லிங்கும் சந்திக்கும்போது, வரலாற்றில் ஒட்டாத படமும் கதையும் ஒருமுறை உண்மையாகவே ஒட்டுகின்றன. மூன்றாவது படத்தில் 1650-இன் கில்கென்னி நகரம் அக்காலத்து மரக்கட்டை அச்சுப்படங்களைப் போல விறைத்த கோடுகளால் ஆனது. காடோ பென்சில் கோடுகள் அழிபடாமல் தெரிய அலைகிறது. ஆட்சியாளருக்கும் ஓநாய்களுக்கும் இடையிலான போர் கோடுகளின் போராகவே நடக்கிறது. வில்லனாக வரும், கிராம்வெல்லை நினைவூட்டும் ஆட்சியாளர் மட்டும் ஒற்றைப் பரிமாணம்.

'கடலின் பாடல்' இவற்றில் நுட்பமானது. டாம் மூர் மேற்குக் கடற்கரையில் விடுமுறைக்குச் சென்றபோது கரையில் கொன்று போடப்பட்ட கடல்நாய்களைக் கண்டார். முன்பெல்லாம் இப்படி நடக்காது, கடல்நாய் இறந்தவர்களின் ஆன்மா என்று நம்பினார்கள் என்று ஒரு ஊர்க்காரப் பெண் சொன்னார். படத்தின் விதை அது. கலங்கரை விளக்கத்தில் தந்தையுடன் வாழும் பென், பேசாத தங்கை சேர்ஷா. தாய் கடல்நாயாக மாறும் இனத்தவள், சேர்ஷா பிறந்த இரவில் கடலுக்குள் போய்விட்டாள். ஆந்தைச் சூனியக்காரி மாகா எல்லோருடைய துயரத்தையும் உறிஞ்சிச் சாடியில் அடைத்து அவர்களைக் கல்லாக்குகிறாள். கொடுமையால் அல்ல. தன் மகன் துக்கத்தில் வெடித்துச் சாகாதிருக்க அவனைக் கல்லாக்கிய தாய் அவள். மனைவியை இழந்து ஊமையாகிப்போன பென்னின் தந்தை அந்தக் கல்லின் மறுபிரதி. பழைய கதையும் புதிய குடும்பமும் ஒன்றையொன்று விளக்காமல் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. டப்ளினின் போக்குவரத்து வட்டத்து நடுவில் கைவிடப்பட்ட மண்கோட்டைக்குள் முதிய தேவதைகள் மூவர் தம்பூர் அடித்துப் பாடிக்கொண்டிருக்கும் காட்சி சிரிக்கவும் வைக்கிறது, உறுத்தவும் செய்கிறது.

உறுத்தல் முடிவில் இன்னும் கூடுகிறது. சேர்ஷா பாடுகிறாள், கல்லானவர்கள் உயிர்பெறுகிறார்கள். உடனே அவர்கள் ஒளியாகி மேற்குக் கடலைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். தாயும் போகிறாள். மகளை நிலத்தில் விட்டுச்செல்ல அவளுடைய கடல்நாய்ச் சட்டையைக் கழற்றி எடுத்துக்கொள்கிறாள். சேர்ஷா முழு மனிதக் குழந்தையாகிப் பேசத் தொடங்குகிறாள், குடும்பம் ஒன்று சேர்கிறது. கதைகளை மறக்காதீர்கள் என்று தொண்ணூறு நிமிடம் மன்றாடிய படம், கதையில் வாழ்ந்தவர்கள் அனைவரையும் கப்பலேற்றாத குறையாக நாட்டைவிட்டு அனுப்பிவைக்கிறது. 'ஓநாய் நடப்பவர்கள்' படத்திலும் காட்டுக்குலம் வண்டியேறி ஊரைவிட்டுப் போகிறது. அயர்லாந்தில் பிறகு ஓநாயே இல்லாமல் போயிற்று என்பதைப் படம் சொல்வதில்லை. 1840-களின் பஞ்சத்துக்குப் பின் மேற்குக் கடலைத் தாண்டியவர்களில் பெருந்தொகையினர் ஐரிஷ் பேசியவர்கள். படம் பார்க்கும் ஐரிஷ் குடும்பங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் அப்படிப் போன ஒருவர் உண்டு. விடைபெறும் அந்த ஒளிக்கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் நிற்கும் பென்னின் முகத்தில் மூர் மகிழ்ச்சியை வரையவில்லை.